அட்டவணைப்படி ஆக்சிஜன்தான் வரணும்

உப்புக் கரைசலில் மின்சாரம் விட்டால் ஆனோடில் (எலக்ட்ரானை இழப்பது, அதாவது ஆக்சிஜனேற்றம், நடக்கும் முனை) குளோரின், கேத்தோடில் ஹைட்ரஜன், கரைசலில் மிஞ்சுவது சோடியம் ஹைட்ராக்சைடு. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். மதிப்பெண்ணும் விழுந்துவிடும். அதனால் இதில் யாரும் கேள்வி கேட்பதில்லை. என் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கிற குடும்பத்துப் பிள்ளை.

"டீச்சர், நீங்க குடுத்த டேபிள்ல தண்ணிக்கு 1.23, குளோரைடுக்கு 1.36 போட்டிருக்கு. கம்மியா இருக்கதுதான முதல்ல ஆக்சிஜனேற்றம் ஆகணும்? அப்ப ஆக்சிஜன்லா வரணும்?"

அவள் சொல்வது திட்ட மின்முனை மின்னழுத்த அட்டவணையை; ஒவ்வொரு வினைக்கும் இத்தனை வோல்ட் என்று அதில் போட்டிருக்கும். இன்னும் சொல்லப்போனால், அவள் குளோரினுக்குச் சலுகை காட்டித்தான் கேட்டிருக்கிறாள். அந்த 1.23 வோல்ட் என்பது கரைசலில் ஹைட்ரஜன் அயனி ஒரு மோலார் செறிவில் இருக்கும்போது. நடுநிலையான உப்புத் தண்ணீரில் அது 0.82 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். குளோரின் அதே 1.36இல் நிற்கும். அரை வோல்ட்டுக்கும் மேலே இடைவெளி. சமநிலைக் கணக்கில் 0.059 வோல்ட்டுக்கு ஒரு பத்து மடங்கு என்று நாங்கள்தான் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் சொல்லித் தருகிறோம். அப்படிப் பார்த்தால் ஒரு எலக்ட்ரானுக்கு நூறு கோடி மடங்கு ஆக்சிஜன் பக்கம் சாய வேண்டும். ஆனால் பீக்கரில் மூக்கை அரிப்பது குளோரின்.

பாடப்புத்தகங்கள் இதற்கு ஒரு வரி வைத்திருக்கின்றன: ஆக்சிஜனின் மிகை மின்னழுத்தம் காரணமாகக் குளோரின் வெளிப்படுகிறது. மிகை மின்னழுத்தம் என்றால் என்ன என்று கேட்டால், கூடுதலாகத் தேவைப்படும் மின்னழுத்தம். ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றால், மிகை மின்னழுத்தம் இருப்பதால். இந்த வட்டத்துக்குள் பிள்ளையைச் சுற்றவிட்டுவிட்டு நாம் கோல்ராஷ் விதிக் கணக்குக்குப் போய்விடுகிறோம். மின்வேதியியல் பாடத்தில் எனக்கு ஒரே ஒரு பாடவேளைதான் தருவார்கள் என்றால், நான் இந்த ஒரு வரிக்குத்தான் அதைச் செலவழிப்பேன்.

முதலில் ஆய்வகம். பழைய டார்ச் செல்லைப் பிரித்தால் நடுவில் கார்பன் தண்டு இருக்கும். துத்தநாக-கார்பன் செல்லாக இருக்க வேண்டும். விலை கூடிய ஆல்கலைன் செல்லில் தண்டு கிடையாது. கறுப்புப் பசையைக் கழுவிவிட்டு இரண்டு தண்டுகளை உப்புக் கரைசலில் நிறுத்துகிறோம். பினாப்தலீன் தீர்ந்துபோன ஆய்வகமாக இருந்தால் சமையலறை மஞ்சள்தூள் போதும். (தீராத ஆய்வகத்தை நான் பார்த்ததில்லை.) கேத்தோடைச் சுற்றி காரம் சேரச் சேர மஞ்சள் குங்கும நிறத்துக்கு மாறும். ஆனோடைச் சுற்றி மஞ்சள் வெளுத்துப் போகும். இரண்டு முனையிலும் நடப்பது வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சமன்பாடும் காட்டாது. ஜன்னல்களைத் திறந்து வைத்து, கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். குளோரின் விளையாட்டுச் சாமான் இல்லை. எவர்சில்வர் கரண்டியை ஆனோடாக வைக்கவே கூடாது. அது கரைந்து குரோமியத்தைக் கரைசலுக்குள் விட்டுவிடும்.

இதில் பலரும் செய்யாமல் விடுகிற ஒரு படி உண்டு. நேராக 9 வோல்ட் பேட்டரியை மாட்டிவிடுவார்கள். நான் முதலில் ஒற்றைச் செல் மட்டும் மாட்டச் சொல்வேன். 1.5 வோல்ட். எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். ஒன்றும் நடக்காது. ஒரு குமிழி கூட வராது. இப்போது கணக்குப் போடச் சொல்வேன். தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிய 1.23 வோல்ட் போதும். கொடுத்திருப்பது 1.5. ஏன் பிரியவில்லை? இரண்டாவது செல்லைத் தொடரில் சேர்த்து 3 வோல்ட் ஆக்கினால்தான் குமிழிகள் மெல்லக் கிளம்பும், பிளீச்சிங் பவுடர் வாடையும் வரும்.

அந்தப் பிள்ளையின் கேள்வி இப்போது இரண்டாகிவிட்டது. நடக்க வேண்டிய வினை ஏன் 1.5 வோல்ட்டில் நடக்கவில்லை? நடக்கக்கூடாத வினை ஏன் 3 வோல்ட்டில் முந்திக்கொண்டது? இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அட்டவணையில் உள்ள எண்கள் எல்லாம் மின்னோட்டம் பாயாதபோது உள்ள எண்கள். ஒரு வினைக்கு எந்தப் பக்கம் போக விருப்பம் என்பதை அவை சொல்லும். எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைப் பற்றி அவற்றுக்கு ஒரு வார்த்தை கூடத் தெரியாது.

ஆனோடின் பரப்பில் என்ன நடக்க வேண்டும் என்று யோசித்தால் வேகம் புரியும். குளோரினுக்கு வேலை சுலபம். ஒரு குளோரைடு அயனி வருகிறது, ஒரு எலக்ட்ரானை விடுகிறது, பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. இன்னொன்றும் அப்படியே செய்கிறது. இரண்டும் சேர்ந்து கிளம்பிவிடுகின்றன. ஆக்சிஜனுக்கு நான்கு எலக்ட்ரான்கள் போக வேண்டும். இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளில் உள்ள நான்கு ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் உடைய வேண்டும். அதற்கிடையில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் பரப்பின் மேல் ஒன்றையொன்று கண்டுபிடித்துப் பிணைந்தாக வேண்டும். நாலு பேர் சேர்ந்தால்தான் வண்டியை எடுப்பேன் என்று நிற்கும் ஷேர் ஆட்டோ ஆக்சிஜன். ஆள் ஏறியதும் பறக்கிற பைக் குளோரின். பாதை ஆட்டோவுக்குத்தான் இறக்கமாக இருக்கிறது. ஆனாலும் பைக் முதலில் போய்ச் சேர்கிறது.

கூடுதல் வோல்ட் கொடுத்தால் அந்தத் தடையைத் தள்ளித் தாண்டலாம். எவ்வளவு வோல்ட் கூட்டினால் மின்னோட்டம் எவ்வளவு கூடும் என்பதை சுவிட்சர்லாந்தில் பிறந்த வேதியியலாளர் யூலியஸ் டாஃபெல் 1905இல் அளந்து எழுதினார். மிகை மின்னழுத்தம் மின்னோட்டத்தின் மடக்கையோடு ஏறுகிறது. மின்முனை எந்தப் பொருள் என்பதைப் பொறுத்து எண் தலைகீழாக மாறும். பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜன் சுலபமாகக் கிளம்பும். பாதரசத்தின் மேல் அதே ஹைட்ரஜனுக்கு ஒரு வோல்ட்டுக்கு மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பள்ளி அட்டவணையில் மின்முனைப் பொருளுக்கு இடமே கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

கரைசலை மிகவும் நீர்த்துப் போகச் செய்தால் குளோரைடு கிடைப்பது குறைந்து ஆக்சிஜனின் பங்கு ஏறும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். "அடர் உப்புக் கரைசல்" என்று வினாத்தாளில் அழுத்திப் போடுவது அதற்காகத்தான். பிள்ளைகள் அந்த "அடர்" என்ற சொல்லைத்தான் முதலில் விட்டுவிட்டு வாசிப்பார்கள்.

1800இல் வோல்டா தன் மின் அடுக்கைப் பற்றி எழுதிய அதே ஆண்டில் நிக்கல்சனும் கார்லைலும் தண்ணீரைப் பிரித்தார்கள். வில்லியம் குரூக்‌ஷாங்க் உப்புக் கரைசலில் மின்சாரம் விட்டுப் பார்த்தார். எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பது 1897இல்தான் தெரிய வந்தது. அதாவது விளக்கம் வருவதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்பே குமிழி வந்துவிட்டது. நம் பாடத்தில் மட்டும் சமன்பாடு முதலில், குமிழி நேரம் இருந்தால்.

கால்வானிக் கலத்துக்கு, அதாவது வினையிலிருந்து மின்சாரம் எடுக்கும் கலத்துக்கு, வருவோம். துத்தநாகம், செம்பு, மயில்துத்தக் கரைசல், நடுவில் பொட்டாசியம் குளோரைடில் நனைத்த வடிதாள். வோல்ட்மீட்டர் 1.1 காட்டும். கைதட்டு விழும். அப்படி இரண்டைத் தொடரில் இணைத்து 2.2 வோல்ட் ஆக்கி ஒரு டார்ச் பல்பை மாட்டச் சொன்னால், பல்பு எரியாது. வோல்ட் இருக்கிறது, விளக்கு எரியவில்லை. இங்கே குற்றவாளி மிகை மின்னழுத்தம் இல்லை; அந்த வடிதாள் பாலத்தின் மின்தடை. டேனியல் 1836இல் இந்தத் துத்தநாக-செம்புக் கலத்தைச் செய்தபோது இப்படி ஒரு பாலம் வைக்கவில்லை. முதலில் மாட்டின் உணவுக்குழாயைச் சவ்வாக வைத்தார். பிறகு மெருகிடாத மண்குடுவை வந்தது. சின்ன மண்கலயத்துக்குள் துத்தநாகத்தை வைத்து வெளியே மயில்துத்தம் ஊற்றிப் பாருங்கள், மின்னோட்டம் பல மடங்கு கூடும். தந்தி நிலையங்களை ஓட்டியது அந்த மாதிரிக் கலம்தான். பாடப்புத்தகத்தின் இரட்டைப் பீக்கர் படம் விளக்குவதற்கு நல்ல படம். வேலை வாங்குவதற்கு ஆகாது.

ஆனோடு நேர்முனையா எதிர்முனையா என்ற சண்டையை நான் அதிகம் வளர்ப்பதில்லை. ஆக்சிஜனேற்றம் எங்கே நடக்கிறதோ அது ஆனோடு. குறி கலத்துக்குக் கலம் மாறும். மின்னேற்றும்போதும் மின்னிறக்கும்போதும் ஒரே தட்டு பெயர் மாறிக்கொள்வதை ஒரு லெட்-ஆசிட் பேட்டரியில் காட்டிவிட்டால் முடிந்தது.

ஆனால் அந்த லெட்-ஆசிட் பேட்டரியிடம் இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டரின் கீழே உட்கார்ந்திருக்கிறதே, அதுதான். 1859இல் பிளான்டே செய்த கலத்தின் அடிப்படை இன்னும் மாறவில்லை. ஒரு கலத்துக்கு 2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல், ஆறு சேர்ந்தால் 12. உள்ளே இருப்பது நீர்த்த சல்பியூரிக் அமிலம், அதாவது பெரும்பகுதி தண்ணீர். இப்போது அட்டவணையை எடுங்கள். காரீயத் தட்டு −0.36 வோல்ட்; ஹைட்ரஜனின் பூஜ்ஜியத்துக்குக் கீழே. எனவே அமிலத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காரீய டைஆக்சைடுத் தட்டு 1.69 வோல்ட், தண்ணீரின் 1.23க்கு மேலே. எனவே தண்ணீரை ஆக்சிஜனாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு தட்டும் சும்மா நின்றபடியே தங்களைத் தாங்களே தின்று தீர்ந்துவிட வேண்டும். அட்டவணைப்படி இப்படி ஒரு பேட்டரி கடை அலமாரியில் நிற்கவே முடியாது.

நிற்கிறது. காரீயத்தின் மேல் ஹைட்ரஜன் கிளம்புவது அவ்வளவு மெதுவான வினை. எதிர்த் தட்டில் ஆக்சிஜனும் அப்படித்தான். பேட்டரி சும்மா இருக்கும்போது சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறதே, அது அந்த வினைகள் முழுதாக நின்றுவிடவில்லை, ஊர்கின்றன என்பதற்கு அடையாளம். மின்னேற்றும்போது அழுத்தத்தைக் கூட்டிக் கொடுப்பதால் அவை வேகமெடுத்துத் தண்ணீரைத் தின்னும். அதனால்தான் சில மாதங்களுக்கு ஒருமுறை டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றச் சொல்கிறார் மெக்கானிக். குழாய்த் தண்ணீர் கூடாது என்பதற்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. சில உலோக அசுத்தங்கள் காரீயத் தட்டில் படிந்தால் அவற்றின் மேல் ஹைட்ரஜன் சுலபமாகக் கிளம்பும். இரும்பு அயனியோ இரண்டு தட்டுக்கும் இடையே ஓடி ஓடி சார்ஜை வடித்துவிடும். தட்டுச் சட்டத்தை உறுதியாக்கச் சேர்க்கிற ஆன்டிமனியும் இதே குறும்பைச் செய்யும். தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத பேட்டரிகளில் அதற்குப் பதிலாகக் கால்சியம் சேர்ப்பது அதனால்தான்.

அந்தப் பிள்ளையிடம் இதைச் சொன்னபோது, "அப்ப கரண்ட் போனா ஃபேன் ஓடுறதே அந்த மெதுவான வினையாலதானா?" என்றாள். ஆமாம். மின்வேதியியலில் ஒரு வினை நடக்காமல் இருப்பதும் ஒரு சொத்துதான்.

இனி சாகுபுரம். ஆறுமுகநேரிக்குப் பக்கத்தில், எங்கள் கடற்கரையின் உப்பைக் காஸ்டிக் சோடாவாக (அதே சோடியம் ஹைட்ராக்சைடுதான்) மாற்றுகிற ஆலை அங்கே இருக்கிறது. மேட்டூரில் அணை மின்சாரத்தை நம்பி இதே தொழில் தொடங்கியது. உப்பு விளையும் இடத்தில் ஒன்று, மின்சாரம் விளையும் இடத்தில் ஒன்று. இந்தத் தொழிலுக்கு வேண்டிய இரண்டே மூலப்பொருள்களும் அவைதான். பாடத்தில் மூன்று சமன்பாட்டோடு முடிகிற வினைக்கு இங்கே ஃபாரடே விதியில் ஒரு கணக்குப் போடலாம். 40 கிராம் காஸ்டிக் சோடாவுக்கு 96,500 கூலூம். ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 241 கோடி கூலூம். இந்த எண்ணில் பேரம் பேச முடியாது. 1833இல் ஃபாரடே அளந்ததுதான் இன்றைக்கும். கூடவே சுமார் 890 கிலோ குளோரினும் 25 கிலோ ஹைட்ரஜனும் வந்தே தீரும், வேண்டுமென்றாலும் வேண்டாமென்றாலும்.

பேரம் பேச முடிவது வோல்ட்டில்தான். காரம் நிறைந்த கேத்தோடு இருக்கும் ஆலைக் கலத்துக்கு அட்டவணைப்படி 2.19 வோல்ட் போதும். நடைமுறையில் 3 வோல்ட்டை ஒட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. 3 வோல்ட் என்றால் டன்னுக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம். இந்த இடைவெளியில் பத்தில் ஒரு வோல்ட்டைக் குறைத்தால் டன்னுக்கு 67 யூனிட் மிச்சம். ஈபி பில் தெரிந்த யாருக்கும் அது புரியும். கடந்த நூற்றாண்டு முழுக்க இந்தத் தொழிலின் பெரிய மாற்றங்கள் பலவும் இந்தப் பத்தில் ஒரு வோல்ட்களைத் துரத்திப் போனவைதான்.

வகுப்பில் நாங்கள் வைத்த கார்பன் தண்டு கொஞ்ச நேரத்தில் உதிர்ந்து கரைசலைக் கறுப்பாக்கும். ஆலைகளிலும் அதே தொல்லைதான். கிராஃபைட் ஆனோடுகள் தேய்ந்துகொண்டே இருந்தன. டைட்டானியம் தேயாது, ஆனால் வெறும் டைட்டானியத்தை ஆனோடாக வைத்தால் மேலே ஆக்சைடு படிந்து மின்சாரத்தை அடைத்துவிடும். 1960களில் ஹென்றி பியர் அதன் மேல் ருத்தீனியம் ஆக்சைடைப் பூசினார். தேய்மானம் நின்றது, குளோரினுக்கு வேண்டிய மிகை மின்னழுத்தமும் சரிந்தது. நம் பக்கத்தில் அந்த மாதிரி டைட்டானிய ஆனோடுகளை உருவாக்கிக் கொடுத்தது காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறந்தது. மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய நிலையம் செட்டிநாட்டில் இருக்கிறது என்பதை இந்தப் பாடம் நடத்தும்போது சொல்லாமல் விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கேத்தோடின் கதை இருட்டானது. பாதரசத்தின் மேல் ஹைட்ரஜன் கிளம்பத் தயங்கும் என்றேன் இல்லையா? அதைப் பயன்படுத்தி, பாதரசத்தையே கேத்தோடாக ஓடவிட்டால், தண்ணீரை விட்டுவிட்டு சோடியமே வெளிவந்து பாதரசத்தில் கரையும். தண்ணீருக்குள் சோடியம் கிடைப்பது அட்டவணையை நம்பியவனுக்குப் பைத்தியக்காரத்தனம். ஆனால் அப்படித்தான் உலகம் முழுக்கச் சுத்தமான காஸ்டிக் சோடா பல பத்தாண்டுகள் தயாரானது. கூடவே பாதரசமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றிலும் நீரிலும் கசிந்தது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு மினமாட்டா உடன்படிக்கை இந்த முறைக்கு 2025ஐக் கடைசி ஆண்டாக வைத்தது. இப்போது ஆட்சி செய்வது மென்படலக் கலம்: சோடியம் அயனியை மட்டும் கடக்கவிடும் ஃப்ளோரின் கலந்த பாலிமர்.

அந்தப் படலத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கால்சியமும் மெக்னீசியமும் நூறு கோடியில் சில பத்து பங்குக்கு மேல் இருந்தால் அடைத்துக்கொள்ளும். இது எங்கள் பிள்ளைக்கு உடனே புரிந்தது. உப்பு விளைந்த பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரை நேரத்தில் வடித்துவிடாவிட்டால் உப்பு ஈரம் இழுத்து இளகிப்போகும் என்பது அவள் வீட்டில் அன்றாடம் தெரிந்த சங்கதி. அந்தக் கசப்புதான் மெக்னீசியம்.

கடல் தண்ணீரிலிருந்து நேராக ஹைட்ரஜன் எடுக்கும் ஆராய்ச்சியில் இன்று நிலைமை தலைகீழ். அங்கே யாருக்கும் குளோரின் வேண்டாம், அட்டவணை சொன்ன ஆக்சிஜன்தான் வேண்டும். காரக் கரைசலில் ஆக்சிஜனுக்கும் ஹைப்போகுளோரைட்டுக்கும் (காரத்தில் குளோரைடு ஆக்சிஜனேற்றம் அடைந்து மாறுவது இதுவாகத்தான்) உள்ள இடைவெளி சுமார் 0.48 வோல்ட். நிக்கல்-இரும்பு போன்ற நல்ல வினையூக்கியால் மிகை மின்னழுத்தத்தை அந்த 0.48க்குள் அடக்கிவிட்டால், குளோரின் தலைகாட்ட வழியே இல்லை. என் வகுப்பில் ஒருத்தி "வரணும்லா" என்று கேட்டதை, வரவழைக்க முடியுமா என்று ஆய்வகங்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடல்நீரை ஆர்ஓ முறையில் நன்னீராக்க ஒரு கனமீட்டருக்கு மூன்று நான்கு யூனிட் போதும். அந்த ஒரு கனமீட்டர் தண்ணீரை முழுதாகப் பிரித்தால் 111 கிலோ ஹைட்ரஜன்; அதற்கு ஆகும் மின்சாரம் ஐயாயிரம் யூனிட்டுக்கு மேல். நான்கு யூனிட்டை மிச்சம் பிடிப்பதற்காகக் குளோரைடோடு மல்லுக்கு நிற்பானேன் என்று கேட்டேன். "அப்ப எதுக்கு டீச்சர் ஆராய்ச்சி பண்றாங்க?" என்றாள். அவள் நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு பேரும் அந்தக் கணக்கை மறுபடி போட்டுக்கொண்டிருந்தோம். ஆர்ஓ கழிவுநீரின் உப்பை எங்கே கொட்டுவது என்ற செலவை நான் சேர்க்கவில்லை என்று அவள் சொன்னபோது மணி அடித்துவிட்டது.